நிழல் நகர்ந்துவிடும், நாய் கட்டினபடி நிற்கும்

ஏப்ரல் 5ஆம் திகதி தொடங்கி 15ஆம் திகதி வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கும். தெற்கில் தொடங்கி வடக்கே ஏறி வர, யாழ்ப்பாணத்துக்கு முறை வருவது ஏறக்குறையச் சித்திரை வருடப்பிறப்போடு. அந்த நாட்களில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மதிலடியில் போய்ப் பாருங்கள். ஒரு சாண் நிழல்கூட இருக்காது. அதே மதிலடியில் காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் கதிரை போட்டு இருந்து கதைக்கலாம், அவ்வளவு நிழல் விழுந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நாயை அங்கே கட்டிவிட்டு ஆட்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் வெயிலால் நாய்க்கு வருகிற கரைச்சலில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். நாய்க்குத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளத் தெரியும். நாங்கள்தான் அதை ஓரிடத்தில் கட்டி, அந்த இடத்தையும் சீமெந்தால் மூடி, பிறகு அதற்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கடையில் விசாரிக்கிறோம்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். செம்மண் வளவு, கிணறு, கிணற்றடியில் வாழை, பின்பக்கம் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். நாய் இரண்டு. கறுப்பி ஊர்நாய், தானாக வந்து சேர்ந்தது. றெக்ஸ் அல்சேஷன், மச்சான் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப் போனது. இரண்டும் இரண்டு விதம். வெயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியைக் கறுப்பியைப் பார்த்தே அறிந்தேன்.

காலை பத்து மணிக்குள் அது விறாந்தைப் படியை விட்டு இறங்கிவிடும். பதினொரு மணிக்குக் கறிவேப்பிலை மரத்தடி. மேல் மண்ணை முன்காலால் பிறாண்டிப் பின்னுக்குத் தள்ளும். தூசு பறக்கிற மண் போய், விரல் வைத்தால் ஒட்டுகிற கருஞ்சிவப்பு மண் வந்ததும் நிறுத்தும். ஒருதரம் மணந்து பார்க்கும். பிறகு பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி விரித்து, வயிறு முழுவதும் மண்ணில் படும்படி படுத்துக்கொள்ளும். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் மயிர் குறைவு, தோலும் மெல்லியது. உடம்புச் சூடு அந்த வழியாகத்தான் கெதியாக இறங்கும். இரண்டு மணிக்குக் கிணற்றடி, குளித்த தண்ணீர் வாழைக்கு ஓடுகிற வாய்க்கால் ஓரம். நாலு மணிக்கு வீட்டின் கிழக்குப் பக்கம். ஒருவரும் பழக்கவில்லை. கறிவேப்பிலைக் கன்றின் வேரைக் கிளறுகிறது என்று அம்மா முதலில் தடியெடுத்துத் துரத்துவா. பிறகு மரத்தைச் சுற்றி நாலு கல் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பாத்தியளவு இடத்தைக் கறுப்பிக்கு என்றே விட்டுவிட்டா. காலையில் அதற்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மத்தியானம் வரை குளிர்மை நிற்கும்.

நாய் எங்களைப் போல வியர்ப்பதில்லை. வியர்வை வருவது பெரும்பாலும் உள்ளங்காலில்தான், அதனால் உடம்பு பெரிதாகக் குளிராது. அதற்கு இருக்கிற வழி இளைப்பு. சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டாத மூச்சு, இளைக்கத் தொடங்கினால் 300ஐயும் தொடும். நாக்கிலும் மூக்குக்குள்ளும் தொண்டையிலும் உள்ள ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கொண்டுபோகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவி போக இடமில்லை. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த எங்கள் ஊரில், சோளகம் எழும்புவதற்கு முன் சித்திரையிலும் வைகாசித் தொடக்கத்திலும் காற்று விழுந்து இலை அசையாமல் நிற்கிற நாட்கள்தான் அதனால் நாய்க்கு மோசம். வெப்பமானியில் எண் பெரிதாகக் கூடியிருக்காது. ஆனாலும் நாய் இளைத்துக்கொண்டே இருக்கும், சூடு இறங்காது. சோளகம் அடிக்கத் தொடங்கினால் புழுதிக்கு நாங்கள் பேசுவோம். நாய்களுக்கு அது பெரிய உபகாரம்.

பழைய யாழ்ப்பாணத்து வளவில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. கதியால் வேலி, கிடுகு அடைப்பு, கிளுவையும் பூவரசும். வேலிக்குள்ளால் காற்று வந்துகொண்டிருக்கும், நாய் அதன் கரையில் கிடக்கும். இப்போது வேலி போய்க் கல்மதில், படலை போய்த் தகரம் அடித்த கேற், முற்றம் முழுக்க இன்ரலொக் கல். கூட்டுகிற வேலை குறைவு, மழைக்குச் சேறில்லை, வெளிநாட்டால் வருகிற சொந்தக்காரர் படம் எடுக்க வடிவாக இருக்கும். நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டு முன்பக்கமும் அப்படித்தான். ஆனால் பகல் முழுக்க வெயில் குடித்த அந்தக் கல், இரவு எட்டு மணிக்கும் கை வைத்தால் சூடாகத்தான் இருக்கும். ஆறுமுழ மதில் நிலத்தோடு வருகிற காற்றை மறித்துவிடும். நாய் இருக்கிறது நிலத்தோடு. எங்கள் முகத்தில் காற்றுப் படுகிறது என்பதால் அதற்கும் படுகிறது என்று நினைக்கக்கூடாது.

இதற்கு நாங்கள் செய்தது பெரிய செலவில்லை. வளவின் ஒரு மூலையில் ஆறடிக்கு நாலடி கல்லைப் பெயர்த்து மண் தெரிய விட்டோம். றெக்ஸின் கூட்டுக்குத் தகரக் கூரை. தகரம் வெயிலை மறிக்கும், ஆனால் தானே சூடாகி அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். ஆகவே தகரத்துக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டுத் தடி கட்டி, அதற்கு மேல் கிடுகு போட்டோம். இடைவெளி முக்கியம், அதற்குள்ளால் காற்றுப் போகவேண்டும். கிடுகு கிடைக்காதவர்கள் நாற்றுமேடைக்குப் போடுகிற பச்சை வலையைக் கட்டலாம். கூட்டின் மூன்று பக்கமும் பலகை அடித்திருந்தால் எதிரெதிர்ப் பக்கம் இரண்டையாவது கழற்றிக் கம்பி வலை அடியுங்கள். எவ்வளவு நல்ல கூடென்றாலும் மாமரத்து நிழலுக்கு ஈடில்லை. மரம் இலைவழியாகத் தண்ணீரை ஆவியாக்குகிறது, அதன் கீழ் உள்ள காற்றே குளிர்ந்திருக்கும்.

பகலில் கட்டாமல் விட முடியாது, றோட்டுக்கு ஓடிவிடும், தபால்காரரைக் கடிக்கும் என்கிற வீடுகள் இருக்கின்றன. றெக்ஸும் அந்த ரகம். இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் கம்பி இழுத்து, சங்கிலி வளையத்தை அதில் கோர்த்துவிட்டோம். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கும், நிழல் போகிற பக்கம் தானும் போகும். சங்கிலி எட்டுகிற தூரத்துக்குள் மதில், வேலி, சின்ன மரம் ஒன்றும் இருக்கக்கூடாது. மதிலால் பாய்ந்து தொங்கினால் கதை முடிந்தது. சின்ன மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சங்கிலியைக் குறுக்கிக்கொண்டு, தண்ணீர்ச் சட்டி ஒரு முழத்துக்கு அப்பால் இருக்க வெயிலில் நிற்கிற நாயை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தண்ணீர். மேலே வைத்திருக்கிற பிளாஸ்ரிக் தாங்கியின் தண்ணீர் மத்தியானம் குளிக்கவே சுடும். முற்றத்தில் வெயிலில் கிடக்கிற குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் அதைவிட மோசம். குளிரட்டும் என்று நினைத்து அதைத் திறந்து நாயின் முதுகில் அடித்தால் தோல் வெந்துபோகும். முதல் தண்ணீரை வாழைக்கு விட்டு, கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் நாய்ப்பக்கம் திருப்பவேண்டும். எனக்கென்றால் கிணற்றில் அள்ளிய தண்ணீரைப் போல ஒன்றில்லை. குடிக்க மண்சட்டி நல்லது, தண்ணீர் கசிந்து ஆவியாவதால் குளிர்ந்தே இருக்கும். அலுமினியச் சட்டியை வெயிலில் வைத்தால் நாய் வாய் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். தட்டி ஊற்றுகிற நாயென்றால் சட்டியைப் பாதி மண்ணுக்குள் தாழ்த்துங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். சாதாரண நாட்களில் கிலோவுக்கு 50, 60 மில்லிலீற்றர் தேவை. 25 கிலோ அல்சேஷனுக்கு ஒன்றரை லீற்றருக்குக் கிட்ட. வெயில் காலத்தில் அதைவிடக் கூடும். தீவுப்பகுதிகளிலும் கரையோரங்களிலும் கோடை ஏற ஏறக் கிணறு உவராகும். மனிதருக்குப் பவுசர் தண்ணீர் வாங்கிவிட்டு நாய்க்கு உவர்த்தண்ணீர் வைக்கிற பழக்கம் இருக்கிறது. அது குடிக்கக் குடிக்கத் தாகத்தைக் கூட்டும். இரண்டு சிரட்டை நல்ல தண்ணீர் நாய்க்கும் ஒதுக்கலாம்.

விசிறியைப் பற்றி ஒரு சொல். எங்களுக்கு விசிறி குளிர்வது வியர்வை காய்வதால். வியர்க்காத நாய்க்கு வெறும் விசிறி அவ்வளவு உதவாது. வயிறும் பாதமும் நனைந்திருந்தால்தான் அதே விசிறி வேலை செய்யும். 2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் விசிறிக்குக் கீழ் பழக்கப்பட்ட வீட்டுநாய்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தன. தங்கச்சி வீட்டுப் பொமேரியன் கடைசியில் குளியலறைத் தரையைக் கண்டுபிடித்துக்கொண்டது. கறுப்பிக்கு மின்வெட்டு வந்ததே தெரியாது.

பொமேரியன், அல்சேஷன் மாதிரி இரட்டை மயிர் உள்ள நாய்களைக் கோடையில் மொட்டையடிக்கிறார்கள். பாவம் பார்த்துத்தான் செய்கிறார்கள், ஆனால் வேண்டாம். மேல் மயிர் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. வழித்தால் தோல் எரியும், சில நாய்க்கு மயிர் பழையபடி முளைக்காமலும் போகும். உள்ளே செத்துக் கிடக்கிற பஞ்சு மயிரை வாரி எடுத்தாலே காற்றோட்டம் வரும். றெக்ஸை மாசி, பங்குனியில் வாரினால் ஒரு தலையணை உறை நிரம்பும். தினமும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டவும் வேண்டாம்; வெறும் தண்ணீர் போதும், காதுக்குள் போகாமல், அடி மயிர் காய்கிற மாதிரி. அடிமயிர் ஈரத்தோடு கிடந்தால் புண் வரும், புண்ணில் இலையான் மொய்த்தால் புழு வைக்கும்.

வெயில் அடித்த நாயை நான் கிட்ட நின்று பார்த்தது பக்கத்து வீட்டில். அதுவும் அல்சேஷன், தகரம் போட்ட கூடு, முழுக்கச் சீமெந்து. வைகாசி, காற்று விழுந்த மத்தியானம். வீட்டுக்காரர் கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். அந்த வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டா.

“தம்பி, ஒருக்கா ஓடி வாங்கோ. நாய் ஒரு மாதிரிக் கிடக்குது.”

பக்கவாட்டில் கிடந்தது. இளைப்பு நிற்காமல், சத்தமாக. நாக்கு வழமையைவிட அகன்று நுனி தடித்துப்போய் இருந்தது. எச்சில் கயிறாகத் தொங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், பல் முரசு செங்கல் நிறம். பக்கத்தில் சத்தி எடுத்திருந்தது. எங்களைக் கண்டு எழும்பப் பார்த்தது, பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு விழுந்தது. இந்தத் தள்ளாட்டம் வந்துவிட்டால் பொறுத்துப் பார்க்க நேரம் இல்லை.

அந்த வீட்டு அண்ணையும் நானும் சாக்கில் போட்டு மாமரத்தடிக்கு இழுத்தோம். அவர் ஓட்டோவுக்கு அழைப்பு எடுக்கப் போனார். முதலில் தண்ணீர் என்றேன். மிருக வைத்தியர்களும் இப்போது இதைத்தான் சொல்கிறார்கள்: முதலில் குளிர வை, பிறகு கொண்டு வா. உடம்பு 41 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும்போது போகிற ஒவ்வொரு நிமிடமும் உள்ளுறுப்பைத் தின்னும். கிணற்றில் அள்ளி அள்ளி வயிறு, தொடை இடுக்கு, கமுக்கட்டு, கழுத்து, பாதம் என்று ஊற்றினோம். முகத்தில் ஊற்றவில்லை. அக்கா ஒரு மட்டையை எடுத்து விசிறிக்கொண்டே நின்றா, பிறகு வயர் இழுத்து விசிறி வந்தது.

“ஐஸ்கட்டி வாங்கிக்கொண்டு வரட்டோ?” என்று பெடியன் கேட்டான். கடைக்குப் போய் வருகிற நேரத்துக்குள் இருபது வாளி ஊற்றலாம். நாயின் உடம்பு 41இல் இருக்கும்போது 30 பாகைக் கிணற்றுத் தண்ணீரும் அதற்குக் குளிர்தான். அக்கா ஈரப் போர்வையால் மூடப் பார்த்தா, வேண்டாம் என்றோம். மூடிய ஈரத்துணி கொஞ்ச நேரத்தில் சூடாகி, ஆவியை உள்ளேயே மறித்து வைத்துக்கொள்ளும். நாய்க்குக் கீழே ஈரச்சாக்கு விரிக்கலாம், மேலே போர்க்கக்கூடாது. வாயைத் திறந்து தண்ணீர் பருக்கவும் கூடாது, மயக்கத்தில் இருக்கிற நாய்க்கு அது நுரையீரலுக்குள் போகும். தானாக நக்கினால் நக்கட்டும்.

எங்களிடம் காய்ச்சல் பார்க்கிற டிஜிற்றல் வெப்பமானி இருந்தது. குதவழியாகப் பார்த்தபோது 107 பாகை பரனைற். நாய்க்கு வழமையான சூடு ஏறத்தாழ 100.5இலிருந்து 102.5 வரை, செல்சியஸில் 38 தொடக்கம் 39.2. 103க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தினோம். அதற்கு மேலும் ஊற்றினால் சூடு தானாகவே கீழே இறங்கி, உடம்பு அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்து நடுங்கத் தொடங்கும். வெப்பமானி இல்லாத வீட்டில் இளைப்புத் தணிந்து, தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்குவதை அடையாளமாக வைக்கலாம். நாய் வளர்க்கிற வீட்டில் அதற்கென்று ஒரு வெப்பமானி தனியாக இருக்கட்டும், விலை பெரிதில்லை.

எழும்பி நின்றதும் அண்ணை, “இனிச் சரிதானே, ஏன் டொக்டரிட்டை அலைவான்?” என்றார். அந்த இடத்தில்தான் கனபேர் நாயை இழக்கிறார்கள். சூடு இறங்கினாலும் சிறுநீரகம், ஈரல், குடல், இரத்தம் உறைகிற தன்மை என்று உள்ளே பட்ட சேதம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நனைந்தபடியே ஓட்டோவில் ஏற்றினோம், இரண்டு பக்கமும் திரையைச் சுருட்டிக் காற்று வரவிட்டு. கடிக்கும் என்று பயந்து வாயை இறுக்கிக் கட்டப் பார்த்தார் ஓட்டோக்காரர். வாயைக் கட்டினால் இளைக்க முடியாது, இருக்கிற ஒரே வழியும் அடைபட்டுவிடும். தலைப்பக்கம் நான் இருந்து கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டேன். வைத்தியர் சேலைன் ஏற்றினார். மறுநாள் இரத்தத்தோடு வயிற்றால் போனது. பல நாள் மருந்துக்குப் பிறகு தேறியது. கூட்டின் தகரத்தை அண்ணை அந்தக் கிழமையே கழற்றிவிட்டார்.

ஓட்டோவில் ஏற்றும்போது றோட்டால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “உது விசர் பிடிச்ச நாய், கிட்டப் போகாதேங்கோ” என்றார். இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். எச்சில் வடிய, தள்ளாடி, கண் சிவந்து நிற்கிற நாயைச் சித்திரை வைகாசியில் கண்டால் விசர்நாய் என்று முடிவுகட்டிக் கல்லெடுப்பது எங்கள் ஊர்களில் நடக்கிறது. வெயிலால் விசர் வருவதில்லை. அது வைரஸ் நோய், நோயுள்ள மிருகத்தின் எச்சில் கடிவழியாக உடம்புக்குள் போனால் வருவது. எந்த மாதத்திலும் வரும். அதற்காகத் தெரியாத நாயின் வாய்க்குள் கை வைக்கச் சொல்லவில்லை. தடுப்பூசி போட்டதா என்று தெரியாத கட்டாக்காலி நாய் அப்படிக் கிடந்தால், தூர நின்று வாளியாலோ குழாயாலோ உடம்பில் தண்ணீர் ஊற்றலாம், பக்கத்தில் சட்டி வைத்துவிட்டு விலகலாம். எச்சில் உங்கள் காயத்தில் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பக்கத்து வீட்டு நாய்க்கு ஊசி போட்ட அட்டை இருந்தது. அதைக் காட்டினதும் சைக்கிள்காரர் தானும் கை கொடுத்துத்தான் ஏற்றிவிட்டுப் போனார்.

உடம்பு சுடுகிறது என்று பனடோல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெயிலால் ஏறிய சூட்டைப் பனடோல் இறக்காது, நாயின் ஈரலைக் கெடுக்கும். வீட்டில் பூனை இருந்தால் அதற்கு ஒரு குளிசையே உயிர் போகப் போதும்.

வெயில் அடித்ததா, உண்ணிக்காய்ச்சலா என்று குழம்புகிற இடமும் உண்டு. கோடையில் உண்ணி பெருகும். உண்ணிக்காய்ச்சலில் நாய் சோர்ந்து, தீன் தின்னாமல், சூடாகக் கிடக்கும். முரசு பெரும்பாலும் வெளிறும், சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் போகக்கூடும். குளிரான இடத்தில் படுத்திருந்தும் காய்ச்சல் விடாது. இதற்கு வாளித் தண்ணீர் மருந்தல்ல, இரத்தம் சோதிக்க வேண்டும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுகிற பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், தோலை எரிக்கும், நக்கினால் உள்ளே போகும்.

மூடிய காருக்குள் நாயை விட்டுப் போகக்கூடாது என்பது இப்போது பலருக்குத் தெரியும். வெயிலில் நிற்கிற கார் பத்தே நிமிடத்தில் 10 பாகை ஏறும். ஆனால் பிரித்தானியாவில் றோயல் வெற்றினறி கொலிஜ் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெயில் அடித்து வைத்தியரிடம் வந்த நாய்களில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டக் காரணம் கார் இல்லை, ஓட்டமும் நடையும்தான். அந்தக் குளிர் நாட்டிலேயே அப்படி. இங்கே மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் நாயைக் கட்டி ஓட்டுகிற பெடியளைப் பின்னேரம் நாலரை மணிக்கும் காண்கிறேன். நாய் நிற்காது, எஜமான் போகிற வரைக்கும் ஓடும், விழுகிற வரைக்கும் ஓடும். நடத்துவதென்றால் சூரியன் கிளம்ப முன், இல்லையென்றால் றோட்டு ஆறிய பிறகு இரவில். காற்று 30 பாகையாக இருக்கும்போதே வெயில் படுகிற தார் 50ஐத் தாண்டிவிடும். புறங்கையை றோட்டில் ஏழு செக்கன் வைக்க முடியாவிட்டால் நாயை இறக்கக்கூடாது என்பார்கள். நல்லூர்த் திருவிழாவில் மத்தியானம் செருப்பில்லாமல் றோட்டைக் கடந்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கும் சாட்டிக் கடற்கரைக்கும் நாயைக் கூட்டிப் போவோரும் காலையிலேயே போய் வந்துவிடுங்கள். மணல் தாரைப் போலவே சுடும். கடல்தண்ணீரை நாய் தாகத்தில் குடித்துவிடும், பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும். போத்தலில் நல்ல தண்ணீர் கொண்டுபோய், அரை மணிக்கொருதரம் நீங்களாகவே காட்டுங்கள்.

கொழும்பிலிருந்து பக், ஷிற்சு மாதிரித் தட்டை மூக்கு நாய்கள் இப்போது யாழ்ப்பாணத்துக்கு நிறைய வருகின்றன. வடிவுதான். ஆனால் மூக்கே இல்லாத நாய் எதால் இளைக்கும்? மற்ற நாய் சமாளிக்கிற நாளில் அது விழுந்துவிடும். இங்கே அதை வளர்ப்பதென்றால் குளிரூட்டிய அறை இருக்கவேண்டும், மின்வெட்டுக்கும் ஒரு வழி வைத்திருக்க வேண்டும். அது இரண்டும் முடியாது என்றால் வாங்காதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வயது போன நாய், கொழுத்த நாய், நெஞ்சு வருத்தம் உள்ள நாய்க்கும் இதே கவனம் வேண்டும்.

தீன் விடிய ஒருதரம், பொழுதுபட்டு ஒருதரம். மத்தியானச் சோறு அதற்குப் பாரம், வைத்த சோறும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் புளித்துவிடும். கருவாட்டுத் தலையைக் கோடையில் குறையுங்கள், உப்பு. உப்பும் வெங்காயமும் மிளகாயும் போடாத பழந்தண்ணி கொஞ்சம் கொடுக்கலாம். விதை எடுத்த வத்தகப்பழமும் கொடுக்கலாம், றெக்ஸ் அதற்காகக் குந்தியிருந்து கை நீட்டும். முந்திரிகைப்பழம் (திராட்சை) மட்டும் ஒன்றுகூட வேண்டாம். எங்கள் தோட்டங்களில் காய்க்கிறது, பிள்ளைகள் தின்னும்போது நாய்க்கும் எறிவார்கள். நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது அது. மாம்பழக் காலத்தில் கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்து வெட்டி எடுத்த நாயும் உண்டு, ஆகவே கொட்டையைக் குப்பைக் கிடங்கில் போடாமல் தாட்டுவிடுங்கள்.

படலைக்கு வெளியே ஒரு சட்டி வைக்கிறவர்கள் கூடியிருப்பதைக் காண நல்லாயிருக்கிறது. இந்த மண்ணுக்கு அது புதிதுமில்லை. தெருவோர மடங்களுக்குப் பக்கத்தில் மாடுகள் உடம்பை உரஞ்சுகிற ஆவுரோஞ்சிக் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் கட்டிவைத்த ஊர்கள் இவை. ஒரு சண்டை மட்டும் வரும், எங்களுக்கு வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்குக்காக வளவு பார்க்க வந்தபோது நேரே நாய்ச் சட்டியைத்தான் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்தது நியாயம்தான். நுளம்பு முட்டை சட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாத்திரம் ஊற்றி நிரப்பினால் போகாது. முட்டை நுளம்பாக ஒரு கிழமைக்கு மேல் செல்லும், ஆகவே நாளுக்கு ஒருதரம் கவிழ்த்து, பொச்சால் உட்பக்கத்தை நன்றாக உரஞ்சிக் கழுவிவிட்டுப் புதுத்தண்ணீர் வைத்தால் குடம்பிக்கு இடமில்லை. மழை தொடங்கினதும் வெளியே இருக்கிற மேலதிகச் சட்டிகளை எடுத்துவிடுகிறோம். நாய்களுக்கும் அப்போது குடிக்க இடமிருக்கும், பரிசோதகரும் பேச்சில்லாமல் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்.